எட்டு நிமிடம் நான்கு விநாடி: கேட்டி லெடெக்கியின் 800 மீட்டர்

2024 பிப்ரவரி 8, ஃபுளோரிடா மாநிலத்தின் ஓர்லாண்டோ. ஒலிம்பிக் கிடையாது, உலகப் போட்டியும் கிடையாது. உள்ளூர் அளவிலான ஒரு நீச்சல் போட்டி, அவ்வளவுதான். பெண்கள் 800 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் கனடாவின் சம்மர் மெக்கின்டாஷ் 8:11.39-ல் சுவரைத் தொட்டார். அவருக்கு அப்போது 17 வயது. இரண்டாவதாக வந்தவரின் நேரம் 8:17.12. காலையில் செய்தியைப் படித்தபோது அந்த இரண்டாவது பெயரை மறுபடியும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். கேட்டி லெடெக்கி, அமெரிக்காவின் நெடுந்தூர நீச்சல் வீராங்கனை, இதே 800 மீட்டரின் உலக சாதனையாளர்.

800 மீட்டர் இறுதிப் போட்டி ஒன்றில் அவர் தோற்றது 13 ஆண்டுகளில் அதுதான் முதல் தடவை. மயிரிழையில் நழுவிய தோல்வியும் அல்ல அது. ஐந்தே முக்கால் விநாடி என்றால் தண்ணீரில் சுமார் ஒன்பது மீட்டர்.

அப்போது லெடெக்கிக்கு 26 வயது. மார்ச்சில் 27 முடியப் போகிறது. எப்படிப் பார்த்தாலும் பெண்கள் நெடுந்தூர நீச்சலில் அது பெரிய வயது. இதே 800 மீட்டரில் உலக சாதனையை 19 ஆண்டுகள் கையில் வைத்திருந்த ஜேனட் எவன்ஸ் 24 வயதில் நிறுத்திக்கொண்டார். அந்தச் சாதனையை 2008-ல் முறியடித்த ரெபெக்கா ஆட்லிங்டன் 23 வயதில் ஓய்வை அறிவித்துவிட்டார். இளம் வயதில் உச்சிக்குப் போய் இளம் வயதிலேயே இறங்கிவிடுவதுதான் இந்தப் பிரிவின் வழக்கம். ஓர்லாண்டோவோடு லெடெக்கியின் கதையும் முடிந்தது என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

15 மாதம் கழித்து, 2025 மே 3 அன்று, அதே ஃபுளோரிடாவில் ஃபோர்ட் லாடர்டேல் குளத்தில் அவர் 800 மீட்டரை 8:04.12-ல் முடித்தார். உலக சாதனை. அவர் முறியடித்தது அவருடைய சொந்த நேரத்தைத்தான்: 2016 ரியோ ஒலிம்பிக்கில், 19 வயதில் எட்டிய 8:04.79. ஒன்பது வருடத்தில் 0.67 விநாடி.

19 வயது உடம்பு எட்டியதை 28 வயது உடம்பு எப்படித் தாண்டியது? அவருடைய பதக்கப் பட்டியலை அடுக்கிக்கொண்டே போவதைவிட இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போவது எனக்குச் சுவையாகப் படுகிறது. பட்டியல் நீளமானது: ஒலிம்பிக்கில் 9 தங்கத்துடன் மொத்தம் 14 பதக்கம், உலகப் போட்டிகளில் 23 தங்கம். எந்த நாட்டு நீச்சல் வீராங்கனையும் ஒலிம்பிக்கில் இத்தனை தங்கம் வாங்கியதில்லை.

லேப்புக்கு முப்பது விநாடி

முதலில் அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஒலிம்பிக் குளத்தின் நீளம் 50 மீட்டர். 800 மீட்டர் என்பது 16 லேப். 8:04.12-ஐ 16-ஆல் வகுத்தால் லேப்புக்கு 30.26 விநாடி வருகிறது. நான் போகும் குளம் 25 மீட்டர்தான். ஒரு தடவை போய்த் திரும்ப எனக்கு ஒரு நிமிடம் ஆகும். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவேன். அந்த ஒரு நிமிடத்தில் அவர் 100 மீட்டரைக் கிட்டத்தட்ட முடித்திருப்பார். அதே வேகத்தில் இன்னும் ஏழு முறை.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது 1500 மீட்டர் கணக்கு. அதிலும் உலக சாதனை அவருடையதே: 2018 மே மாதம் இண்டியானாபொலிஸில் 15:20.48. முப்பது லேப், சராசரி 30.68. அதாவது தூரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்போது அவருடைய வேகம் லேப்புக்கு அரை விநாடிகூடக் குறைவதில்லை. ஓட்டத்தில் யோசித்துப் பாருங்கள், எந்தத் தூரமும் இப்படி ஒட்டிக்கொண்டு நிற்காது.

இதற்கு அவருடைய நீச்சல் பாணியும் ஒரு காரணம். மூச்சை வலப்பக்கம் எடுப்பார். அந்த நேரத்தில் இடது கை முன்னால் நீண்டு ஒரு கணம் அங்கேயே தங்கும்; உடம்பு அந்தக் கையின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு வலது கை சுற்றி வந்து விழும். இரண்டு கைக்கும் ஒரே தாளம் இல்லாததால் குதிரைப் பாய்ச்சல் மாதிரி தெரியும். பொதுவாக ஆண்கள் குறுந்தூரத்திலும் நடுத்தூரத்திலும் நீந்துகிற பாணி அது. சிறுவயதில் அவருடைய கோச்சாக இருந்த யூரி சுகியாமாவிடம் இருந்தபோது படிந்தது. நீண்ட தூரத்துக்கு இது தாங்காது என்பது அப்போதைய பொது நம்பிக்கை.

2020-ல் அவர் ஒரு வீடியோ வெளியிட்டார். தலைமேல் சாக்லேட் பால் நிறைந்த கண்ணாடி டம்ளர். அதோடு குளத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நீந்திப் போய், டம்ளரை எடுத்துக் குடிக்கிறார். பால் சிந்தவில்லை. விளையாட்டுக்குச் செய்ததுதான். ஆனால் கைகள் என்ன வேலை செய்தாலும் தலை அசையாமல் இருக்கிறதே, அதைப் பார்க்க அதைவிட நல்ல படம் கிடையாது. அசையாத தலை என்றால் வீணாகாத சக்தி. 30.26-ஐ 16 தடவை திரும்பத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் சிந்தாமல் நீந்தத் தெரிய வேண்டும்.

லண்டனும் ரியோவும்

1997 மார்ச் 17-ல் வாஷிங்டனில் பிறந்து, பக்கத்திலுள்ள பெதஸ்டாவில் வளர்ந்தவர். அம்மா கல்லூரி அணிக்காக நீந்தியவர். அண்ணன் மைக்கேலோடு ஆறு வயதில் குடியிருப்புப் பகுதிக் குளத்தில் தொடங்கியது அவருடைய நீச்சல்.

2012 ஆகஸ்ட் 3, லண்டன் ஒலிம்பிக். பெண்கள் 800 மீட்டர் இறுதி. அரங்கம் முழுவதும் ஆட்லிங்டனுக்காகக் கத்துகிறது; உள்ளூர்ப் பெண், நடப்புச் சாம்பியன், உலக சாதனையாளர். அமெரிக்க அணியிலேயே வயதில் சிறியவரான 15 வயது லெடெக்கியை வெளியே பெரிதாக யாருக்கும் தெரியாது. அவர் முதலிலேயே முன்னால் போனார், போய்க்கொண்டே இருந்தார். சின்னப் பெண், அவசரப்படுகிறாள், கடைசியில் தளர்ந்துவிடுவாள் என்றுதான் பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். தளரவில்லை. 8:14.63. ஸ்பெயினின் மிரேயா பெல்மான்டே நான்கு விநாடி பின்னால், ஆட்லிங்டன் மூன்றாவது. உலக சாதனை 0.53 விநாடியில் கைதவறியது.

மறு ஆண்டு பார்சிலோனா உலகப் போட்டியில் வேறு ஒரு முகத்தைக் காட்டினார். 1500 மீட்டரில் டென்மார்க்கின் லோட்டே ஃப்ரீஸ் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நீந்தி, கடைசியில் தாண்டிப் போனார். இருவரும் பழைய உலக சாதனையைவிட வேகம். லண்டனில் தனியாக ஓடத் தெரிந்தவருக்கு நிழல் போலத் தொடரவும் தெரியும் என்பது அன்றைக்குத் தெரிந்தது. இது பிற்காலத்தில் கைகொடுக்கப் போகிறது.

அந்தக் காலத்தில் கோச் ப்ரூஸ் ஜெம்மல். அவரும் லெடெக்கியும் ரியோவுக்கு இரண்டு இலக்கு வைத்தார்கள்: 400 மீட்டரில் 3:56, 800 மீட்டரில் 8:05. இதை வெளியே சொல்லவில்லை. பயிற்சியில் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கைகளால் மட்டும் நீந்துவதற்கு ஒரு ஃபோம் கட்டை உண்டு, புல் பாய் என்பார்கள். அதில் லெடெக்கி பேனாவால் 565 என்று எழுதி வைத்துக்கொண்டார். 3:56-லிருந்து 56, 8:05-லிருந்து ஒரு 5. தினமும் கண்ணில் படுகிற பொருளில், மற்றவர்களுக்குப் புரியாத ஓர் எண். அப்போது 400-ஐ 3:56-க்குள் எந்தப் பெண்ணும் முடித்ததில்லை; 800-ல் 8:05-ஐ நெருங்கியவர்கூட இல்லை.

2015 கஸான் உலகப் போட்டியில் 200, 400, 800, 1500 நான்கிலும் தங்கம், ரிலேயிலும் தங்கம். 1500 இறுதியில் உலக சாதனையோடு முடித்து வெளியே வந்து, அரை மணி நேரத்துக்குள் 200 மீட்டர் செமிஃபைனலுக்காக மறுபடி குதித்தார். மறுநாள் அந்த 200-லும் அவரே முதல். இதில் பலருக்குத் தெரியாதது, அதே 2015-ல்தான் அவருக்கு பாட்ஸ் என்ற கோளாறு இருப்பது கண்டறியப்பட்டது. எழுந்து நின்றால் இதயத் துடிப்பு எகிறும், தலை சுற்றும், அசதி அடிக்கும். 2024 வரை அவர் இதை வெளியே சொல்லவே இல்லை.

ரியோவில் என்ன நடந்தது? 400-ல் 3:56.46. 800-ல் 8:04.79. கட்டையில் எழுதிய 565 அப்படியே வந்தது. 800-ல் இரண்டாவதாக வந்த பிரிட்டனின் ஜாஸ் கார்லின் 11.38 விநாடி பின்னால், அதாவது சுமார் 18 மீட்டர். 200-லும் தங்கம். ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்றையும் வென்ற பெண் அதற்கு முன் ஒருவர்தான், 1968-ல் டெபி மேயர்.

இல்லாமல் போன போட்டி

இங்கே ஓர் அநியாயத்தைச் சொல்லியாக வேண்டும். லண்டனிலும் ரியோவிலும் பெண்களுக்கு 1500 மீட்டரே கிடையாது. ஆண்கள் 1908 முதல் ஒலிம்பிக்கில் அதை நீந்துகிறார்கள். பெண்களுக்கு 1968-ல் 800 கொடுத்தார்கள், அதோடு சரி. உலகப் போட்டிகளில் 2001 முதலே பெண்கள் 1500 நடந்துகொண்டிருந்தது, யாரும் நடுவில் மூழ்கிப் போய்விடவில்லை. இருந்தும் டோக்கியோ வரை ஒலிம்பிக் கதவு திறக்கவில்லை. 2013 முதல் அந்தத் தூரத்தின் உலக சாதனை லெடெக்கியிடம் இருந்ததை வைத்துப் பார்த்தால், ரியோவில் அவருக்கு இன்னொரு தங்கம் இருந்திருக்கும் என்று சொல்வது மிகை இல்லை. அவருடைய 9 தங்கத்தை யாருடைய எண்ணிக்கையோடும் ஒப்பிடுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொண்டு ஒப்பிடுவது நல்லது.

தோற்கத் தொடங்கிய வருடங்கள்

2017 புடாபெஸ்டில் 200 மீட்டரில் இத்தாலியின் ஃபெடெரிகா பெல்லெக்ரீனி முந்தினார். உலகப் போட்டியின் தனிநபர் இறுதியில் லெடெக்கிக்கு அது முதல் தோல்வி. 2019 குவாங்ஜுவில் 400 மீட்டரை ஆஸ்திரேலியாவின் அரியார்ன் டிட்மஸ் பறித்துக்கொண்டார். அந்தப் போட்டியில் லெடெக்கிக்கு உடம்பு சரியில்லாமல் போய், 200-லிருந்தும் 1500-லிருந்தும் விலகினார். ஆனால் கடைசியில் 800-க்கு வந்து, இத்தாலியின் சிமோனா குவாதரெல்லாவைக் கடைசி லேப்பில் பிடித்து 8:13.58-ல் வென்றார். அவருடைய தரத்தில் மந்தமான நேரம். என் பார்வையில் அவருடைய மிகச் சிறந்த வெற்றிகளில் ஒன்று. ஃப்ரீஸிடம் செய்த அதே வேலையை நோயோடு செய்து காட்டினார்.

டோக்கியோவில் 2021 ஜூலை 28 காலை, 200 மீட்டர் இறுதியில் ஐந்தாவது இடம். ஒலிம்பிக் தனிநபர் இறுதியில் அவர் பதக்கமே இல்லாமல் வெளியேறியது அதுதான் முதல் முறை. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் இடைவெளி, பிறகு பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் 1500 மீட்டர் இறுதி. 15:37.34, தங்கம். அதே ஒலிம்பிக்கில் 400-ல் டிட்மஸிடம் 0.67 விநாடியில் தோற்று வெள்ளி. 800-ல் அதே டிட்மஸை வென்று தங்கம்.

இந்த முடிவுகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. முதலில் 200 போகிறது. அடுத்து 400 போகிறது. 800-ம் 1500-ம் நிற்கின்றன. வேகம் மேலிருந்து கீழாக, குறைந்த தூரத்திலிருந்து கழன்றுகொண்டே வருகிறது. சாதாரணமாக இந்தக் கட்டத்தில் வீரர்கள் போனதைப் பிடிக்கப் போராடி இருப்பதையும் இழப்பார்கள்.

கேய்ன்ஸ்வில் முடிவு

டோக்கியோ முடிந்ததும் லெடெக்கி ஸ்டான்ஃபோர்டை விட்டு ஃபுளோரிடாவின் கேய்ன்ஸ்வில்லுக்கு மாறினார். கலிஃபோர்னியாவில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. கோச் க்ரெக் மீஹன், தோழி சிமோன் மானுவல், உளவியல் பட்டம் எல்லாம் அங்கேதான். கொரோனா காலத்தில் குளங்கள் மூடியபோது யாரோ ஒரு குடும்பத்தின் வீட்டுப் பின்கட்டில் இருந்த இரண்டு லேன் குளத்தில் இருவரும் பயிற்சி செய்ததும் அங்கேதான். ஆனால் அது பெரும்பாலும் குறுந்தூர, நடுத்தூர வீராங்கனைகளின் இடம். நீண்ட தூரப் பயிற்சிகளில் பக்கத்து லேனில் அவரைத் துரத்த ஆள் இல்லை.

கேய்ன்ஸ்வில்லில் ஆள் இருந்தார்கள், ஆண்கள். டோக்கியோவில் ஆண்கள் 800, 1500 இரண்டையும் வென்ற பாபி ஃபின்க் அங்கேதான் பயிற்சி எடுத்தார். கோச் ஆண்டனி நெஸ்டி. சூரினாம் நாட்டுக்காரரான இவர் 1988 சோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் அமெரிக்காவின் மேட் பியோண்டியை 0.01 விநாடியில் வென்றவர். ஒலிம்பிக் நீச்சலில் தனிநபர் தங்கம் வென்ற முதல் கறுப்பின ஆண். ரியோ வரை லெடெக்கி துரத்தியது கடிகாரத்தை மட்டும். இப்போது ஒவ்வொரு நாள் காலையும் தன்னைவிட வேகமான ஒருவரின் காலடி நுரையைத் துரத்த வேண்டியிருந்தது. 28 வயதில் வந்த உலக சாதனைக்கு ஒரே காரணம் சொல்லச் சொன்னால் நான் இந்த இடமாற்றத்தைத்தான் சொல்வேன்.

இரண்டாவது காரணம் விட்டுக்கொடுத்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கான அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் 200 மீட்டரை வென்றும், ஒலிம்பிக்கில் தனிநபர் 200-ஐ நீந்தப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். ரிலேக்கு மட்டும் அந்தத் தூரம். கஸானில் அரை மணி இடைவெளியில் இரண்டையும் நீந்திய அதே ஆள். ஒரு பதக்க வாய்ப்பைத் தானாகக் கீழே வைப்பது சாம்பியன்களுக்கு லேசில் வராது.

பாரிஸில் 400-ல் டிட்மஸ், மெக்கின்டாஷுக்குப் பின்னால் வெண்கலம். 1500-ல் 15:30.02, ஒலிம்பிக் சாதனை, பத்து விநாடி இடைவெளியில் தங்கம். 800-ல் 8:11.04, டிட்மஸுக்கு 1.25 விநாடி முன்னால். அந்த 800 நடந்தது ஆகஸ்ட் 3-ல். லண்டன் தங்கத்துக்குச் சரியாக 12 வருடம். ஒரே போட்டியை நான்கு ஒலிம்பிக்கில் தொடர்ந்து வென்ற முதல் நீச்சல் வீராங்கனை ஆனார். ஆண்களில் மைக்கேல் ஃபெல்ப்ஸுக்கு நான்கு நீச்சல் பாணிகளும் சேர்ந்த 200 மீட்டர் மெட்லியில் அந்தப் பெருமை உண்டு.

சரி, ஓர்லாண்டோவில் தோற்கடித்த மெக்கின்டாஷ் எங்கே? பாரிஸில் அவர் 800 நீந்தவில்லை, வேறு மூன்று போட்டிகளில் தங்கம் வாங்கிக்கொண்டு போனார். "அந்தப் பெண் இல்லாததால்தானே" என்ற பேச்சு எழத்தான் செய்தது. நியாயமான கேள்விதான். 2025 ஜூனில் கனடா தேர்வுப் போட்டியில் மெக்கின்டாஷ் 8:05.07 நீந்தியபோது அந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது.

சிங்கப்பூர்

பதில் 2025 ஆகஸ்ட் 2 அன்று சிங்கப்பூர் உலகப் போட்டியில் வந்தது. அமெரிக்க அணி அங்கே வரும்போதே பலர் வயிற்றுக் கோளாறில் சுருண்டிருந்தார்கள். தாய்லாந்துப் பயிற்சி முகாமில் பிடித்துக்கொண்டது. லெடெக்கி அதற்குள் 1500-ல் தங்கமும் 400-ல் வெண்கலமும் வாங்கியிருந்தார். மெக்கின்டாஷுக்கு 18 வயது, ஐந்து தங்கம் என்ற கனவோடு வந்திருந்தார். நடுவில் யாரும் அதிகம் பேசாத ஆஸ்திரேலியாவின் லானி பாலிஸ்டர்.

ரியோவில் கேமரா சட்டகத்துக்குள் லெடெக்கி மட்டும் இருந்தார். இங்கே மூன்று தலைகள் ஒட்டியே வந்தன. 18 மீட்டர் முன்னால் போய்விட்டுத் திரும்பிப் பார்க்கிற வசதி இல்லை. ஒவ்வொரு டர்னிலும் பக்கத்து லேனில் யார் எங்கே என்று தெரிந்தே நீந்த வேண்டும். கடைசி நூறு மீட்டரில் அவர் செய்தது பார்சிலோனாவில் ஃப்ரீஸிடமும் குவாங்ஜுவில் குவாதரெல்லாவிடமும் செய்ததுதான். கால் உதைப்பின் வேகம் கூடியது. லெடெக்கி 8:05.62, பாலிஸ்டர் 8:05.98, மெக்கின்டாஷ் 8:07.29. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே 0.36 விநாடி.

வெண்கலம் வாங்கிய அந்த 8:07.29, கஸானில் லெடெக்கி உலக சாதனையாக வைத்த 8:07.39-ஐவிட வேகம். பத்து வருடத்தில் போட்டி அந்த அளவுக்கு அவரை நெருங்கி வந்திருக்கிறது. உலகப் போட்டி 800 மீட்டரில் இது அவருக்கு ஏழாவது தங்கம். மெக்கின்டாஷ் சிங்கப்பூரில் நீந்திய ஐந்து தனிநபர் போட்டிகளில் தங்கமாகாமல் போனது இது ஒன்றுதான்.

அந்த வருடம் அக்டோபரில் டிட்மஸ் ஓய்வை அறிவித்தார், 25 வயது. லெடெக்கி 2028 லாஸ் ஏஞ்சலஸுக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு 31, மெக்கின்டாஷுக்கு 21.